அப்பாவின் கோப்பையும் மகனின் கதிரையும்

போன மாசி மாதம் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். வயது 41. வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம், வேலை மட்டக்களப்பு டவுனில் ஒரு கந்தோரில். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டு. வெறும் வயிற்றுச் சீனி 112. கதிரையில் சரியாக இருப்பதற்கு முன்னமே கேட்டார்: "டொக்டர், இது வருத்தமா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் கவலையில்லை. 126ஓ அதற்கு மேலோ வந்து, இன்னொரு பரிசோதனையிலும் அப்படியே காட்டினால் நீரிழிவு. இவர் இரண்டுக்கும் நடுவில். "வரம்பில நிக்கிறீங்க தம்பி" என்றேன். வேளாண்மைக்காரர் வீட்டுப் பிள்ளை, அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

நிறை 78 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். உடல் திணிவுச் சுட்டி கணக்குப் பார்த்தால் 27.6. ஆசிய உடம்புக்கு 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். ஆனால் எனக்குத் தராசைவிட தையல்காரரின் அளவு நாடாவில்தான் நம்பிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை விட்டதும் பார்க்க வேண்டும். 98 காட்டியது. "நான் 34 காற்சட்டைதானே போடுறன்" என்று வாதாடினார். பெல்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் 34 போதும்தான். எங்கள் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேலே போனால் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு படிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வழிவிடுவது அந்தக் கொழுப்புதான். எனக்கே ஒருகாலம் 94 காட்டியது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்துகொண்டு மற்றவர்களை நடக்கச் சொல்லும் தொழில் இது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அப்பா சாப்பிடுற அளவுதான் டொக்டர் நானும் சாப்பிடுறன். அவருக்கு 70 தாண்டிட்டு. வயிறே இல்ல."

பொய்யில்லை. ஆனால் அந்த அப்பா விடியமுன் ஒரு பிளேன்ரீயோடு சைக்கிளில் வயலுக்குப் போகிறவர். வரம்பு கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, பிறகு பழஞ்சோறு, பிறகு மாட்டைப் பார்ப்பது என்று பொழுது போய்விடும். மண்வெட்டி பிடிக்கும் உடம்பு, சும்மா இருக்கும் உடம்பைவிட நாலைந்து மடங்கு சக்தியை எரிக்கிறது. கதிரையில் இருந்து பைல் பார்க்கும் உடம்புக்கு ஒன்றரை மடங்கே பெரிது. மகன் மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து, கந்தோர் வாசலில் நிறுத்தி, இருபது அடி நடந்து கதிரையில் இருந்தால் நாலேகால் வரைக்கும் அசைவில்லை. 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைக்கு, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்றுதான் வாவியைக் கடந்தார்கள். பாலத்தைக் குறை சொல்லவில்லை, அதனால் பிழைத்த உயிர்கள் எனக்குத் தெரியும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வேலை கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்துவிட்டது, சாப்பாட்டுக் கோப்பை மட்டும் வயல்காரனின் அளவிலேயே நிற்கிறது. அவ்வளவுதான் நான் சொல்வது.

இருந்து வேலை செய்வதன் கேட்டை முதலில் தெளிவாகக் காட்டியது பஸ்தான். லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரட்டைத்தட்டு பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சாரதி இருந்தே ஓட்டுகிறார், நடத்துநர் நாள் முழுக்க மேலும் கீழும் படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு சாரதிகளுக்குத்தான் கூடுதலாக வந்தது. பிறகு அவர்கள் சீருடைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். காற்சட்டை இடுப்பளவும் சாரதிகளுக்கே பெரிது. இருந்து இருந்து பருத்தார்களா, பருத்தவர்கள்தான் அந்த வேலைக்குப் போனார்களா என்று அப்போதே கேள்வியும் எழுந்தது, அது நியாயமான கேள்வி. என்றாலும் படி ஏறியவர்களுக்குப் படி நன்மை செய்தது.

சரி, சோற்றைக் குறைத்தால் முடிந்ததா? அதற்கு முதல் தேத்தண்ணியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கந்தோர்களில் தேத்தண்ணி மேசைக்கே வரும். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு கப், கப்புக்கு மூன்று கரண்டி சீனி. எங்கள் கை போடும் கரண்டி 5 கிராமுக்குக் குறையாது. பன்னிரண்டு கரண்டி, 60 கிராம், 240 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்கிறது. தேத்தண்ணியோடு ஒரு ரோல்ஸ் அல்லது வடை. யாருக்காவது இடமாற்றம், பதவி உயர்வு, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் கேக். வேண்டாம் என்றால் "என்ன, கோவமா?" என்று கேட்பார்கள். இதில் எந்த டொக்டரின் பேச்சும் எடுபடாது. பாதியை வாங்கி, மெதுவாகச் சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு எழும்புவதுதான் வழி. மென்பானப் போத்தலில் 2016 முதல் சீனிக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. திறப்பதற்கு முன் ஒருதரம் பாருங்கள்.

மத்தியானம் சோத்துப் பார்சல். ஒருநாள் கடையில் ஒன்றை வாங்கி, வீட்டுத் தராசில் பிரித்து நிறுத்துப் பார்த்தேன். சோறு மட்டும் 510 கிராம். மூலையில் ஒரு பருப்பு, ஒரு கத்தரிக்காய், இரண்டு விரலால் அள்ளக்கூடிய சுண்டல், ஒரு மீன் துண்டு, பொரித்த அப்பளம். சோற்றில் மட்டும் ஏறத்தாழ 650 கலோரி. அந்த லன்ச் சீட்டை விரித்ததும் பாதிச் சோற்றை ஒதுக்கி வையுங்கள், சாப்பிட்ட பிறகல்ல. வீட்டில் இருந்து கொண்டுபோகிறவர்கள் கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விடலாம். வல்லாரையும் பொன்னாங்காணியும் இங்கே கிடைக்காத பொருளா? வாவி மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். தயிர் நல்லதுதான், மேலே ஊற்றும் இனிப்புப் பாணிதான் பிரச்சினை.

சோற்றை அடியோடு நிறுத்துகிறவர்களும் வருவார்கள். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியதாகப் பெருமையாகச் சொல்வார்கள், சித்திரை வருசத்துக்குப் பிறகு ஆறு கிலோவோடு திரும்புவார்கள். எலுமிச்சம்பழச் சுடுதண்ணி கொழுப்பைக் கரைக்காது. கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் எனக்குத் திருப்தி. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இவரைப் போல வரம்பில் நின்றவர்களுக்கு இலக்காகக் கொடுத்தது நிறையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 78 கிலோக்காரருக்கு அது ஐந்தரைக் கிலோ.

150 நிமிடம் என்றால் நாளுக்கு அரை மணி, கிழமைக்கு ஐந்து நாள். ஆண்களுக்குச் சொல்வது சுலபம்: விடிய ஐந்தரைக்குக் கல்லடிப் பழைய பாலம், இல்லாவிட்டால் கடற்கரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்குப் பிறகு நடக்கவே முடியாது. ஆனால் விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கந்தோருக்கு ஓடி, பின்னேரம் வந்து திரும்பவும் அடுப்படிக்குப் போகும் பெண்ணிடம் "ஒரு மணித்தியாலம் நடங்க" என்று சொல்ல என் வாய் வராது. அவர்களுக்கு நான் துண்டு துண்டாகத்தான் சொல்கிறேன். சாப்பிட்டதும் பத்து நிமிடம் விறாந்தையில் நடப்பது சீனி ஏறுவதைத் தணிக்கும். அரை மணிக்கு ஒருதரம் எழும்புங்கள், இரண்டு நிமிடம் போதும். சின்னத் தண்ணிப் போத்தல் வைத்திருங்கள், நிரப்பவாவது எழும்ப வேண்டிவரும். இதையெல்லாம் வீட்டுக்காரரும் வாசித்து, இரவுக் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது, மயக்கம் வரும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச சுகவாழ்வு நிலையங்களில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

அவர் ஆனி மாதம் திரும்பி வந்தார். நிறை 74.5, இடுப்பு 94, சீனி 104. பெல்ட்டில் புதிதாக ஆணியால் துளைத்த ஓட்டை ஒன்றைக் காட்டினார். சோறு பாதி, சீனி கப்புக்கு ஒரு கரண்டி. தேத்தண்ணியை மேசைக்கு எடுப்பதில்லை, மூன்றாம் மாடியில் இருந்து இறங்கிப்போய்த்தான் குடிக்கிறார். அதில்தான் ஒரு சிக்கலாம். இத்தனை வருடம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவர் ஒருநாள் படியில் மறித்து, "சேர், என்ட தேத்தண்ணியில என்ன குறை?" என்று கேட்டிருக்கிறார்.