கமலா வேறு, விமலா வேறு

பெயர்ப் பட்டியல்களைச் சேர்த்துத் தருவது என் வேலை. இரண்டு முகாம்களில் எழுதிய பட்டியல்களை ஒன்றாக்கி, இருமுறை பதிவானவர்களை நீக்கித் தரச் சொல்வார்கள். ஒருமுறை அதில் விமலா என்பவரின் பதிவே காணாமல் போனது. என் நிரல் அவரையும் கமலாவையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டது. இருவரும் அக்கா தங்கை. ஒரே முகவரி, ஒரே தகப்பன் பெயர், ஒரே போன் எண். ஓசை ஒத்த பெயர்களை உடன்பிறந்தவர்களுக்கு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம்தானே.

பைத்தான் என்ற நிரல்மொழியில், சொற்களை ஒப்பிட டிஃப்லிப் என்ற தொகுப்பு இருக்கிறது. ஒத்த சொற்களைத் தேடச் சொன்னால், வரம்பு எதுவும் நாம் தராதபோது, ஒன்றுக்கு 0.6 மதிப்பெண் எடுத்தாலே ஒத்தவை என்று எடுத்துக்கொள்ளும். கமலா–விமலா 0.67. சரி, வரம்பை 0.7 ஆக்கலாமே என்றால், கௌரியும் கவுரியும் பிரிந்துபோவார்கள். ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதியதுதான்; அதற்கும் அதே 0.67. எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் தப்பாகும்.

இன்னொரு சிக்கல், கணினி நம் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறையான யூனிகோடில் ‘மா’ என்பது மகரமும் காலும் சேர்ந்த இரண்டு குறிகள். அதனால் ராதா, மாலா இரண்டிலும் பொது எழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டாலும், கால்களை மட்டும் எண்ணி 0.5 கொடுத்துவிடும். ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்தால் அது சுழியாகிறது. ஆனால் கௌரி–கவுரி 0.4-க்கு இறங்கிவிடுகிறது!

‘கொ’வைக்கூட இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவாக்கும் யூனிகோடு சீராக்கம் அதைச் சரிசெய்யும். ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு அடித்த ‘கெளரி’யை அது தொடாது. எல்லா ‘ெள’வையும் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரக் குறியாக மாற்றினால் வெள்ளி கெட்டுப்போகும்.

இப்போது முதலில் சீராக்குகிறேன். கௌரி–கவுரி போன்றவற்றுக்கு இணைப்பெயர்ப் பட்டியல் ஒன்று கையால் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம்தான் ஒப்பீடு. நிரல் ஜோடிகளைக் காட்டலாம், சேர்க்கக் கூடாது. மூலப் பதிவை அழிப்பதே இல்லை. சேர்ப்பதற்கு முன் பிறந்த தேதியைப் பார்க்கிறேன். இரட்டைப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.