இடம் கிடைக்கவில்லை என்றால் உழைப்பு போதவில்லையா?

மார்ச் கடைசியில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்க்கை முடிவை வெளியிட்டால், எனக்கு ஏப்ரல் முழுக்க ஒரே கேள்விதான். "இவ இன்னும் கொஞ்சம் உழைச்சிருந்தா கிடைச்சிருக்குமோ?" அந்தப் பிள்ளை பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போதே பெற்றோர் கேட்கிறார்கள். சேர்க்கை ஆலோசகராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உள்ளே போனவர்களும் உழைத்தவர்கள்தான், மறுக்கவில்லை. உழைத்தவர்கள் அத்தனை பேருக்கும் அங்கே இடம் இல்லை. அந்தக் கூட்டத்திலிருந்து யாரை எடுப்பது என்னும்போதுதான் மற்றதெல்லாம் நுழைகிறது. மாணவர் சேர்க்கை தொடர்பாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள்: அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம், மற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு. நுழைவுத்தேர்வு மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், பெரும்பணக்கார ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இத்தகைய 12 பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2023-இல் வந்த ஆய்வு சொன்னது. வாள்சண்டை, படகுப்போட்டி, ஸ்குவாஷ் ஆடுபவர்களுக்குத் தனி வழி வேறு. ஸ்குவாஷ் ஆடுகளம் உள்ள அரசுப் பள்ளி எத்தனை இருக்கும்?

பணக்காரப் பெற்றோர் லஞ்சம் கொடுத்து, 2019-இல் பிடிபட்ட சேர்க்கை மோசடியில், அந்த விளையாட்டு வழியில் நுழைக்க, விளையாட்டு வீரர் படத்தில் பிள்ளையின் முகத்தை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதை நடத்திய ஆலோசகர் ரிக் சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை. பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுப்பவர்களை யாரும் கைது செய்வதில்லை என்பது வேறு கதை.

"இடம் நிச்சயம், நான் பொறுப்பு" என்று சொல்லும் ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள். எங்கள் தொழிலில் யாராலும் அந்த உறுதியைத் தர முடியாது.

பல கல்லூரிகளுக்கும் சேர்த்து நிரப்பும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்கு 10 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 150 எழுத்து. ஒரு பெண் ஆறு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். பள்ளி விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், ராத்திரி அம்மாவின் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். "அதெல்லாம் வீட்டு வேலைதானே சார்?" என்றாள். குடும்பப் பொறுப்பு என்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது, அம்மா! எழுதுங்கள்.

எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்று பட்டியல் போடும்போது எம்.ஐ.டி., கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆகியவை பழைய மாணவர் வாரிசுக்குச் சலுகை தருவதில்லை என்பதையும் கவனியுங்கள். கட்டணத் தொகையைப் பார்த்ததும் பயந்து விலகிவிடாதீர்கள். உங்கள் குடும்ப வருமானத்துக்கு உண்மையில் ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று காட்டும் கால்குலேட்டர் கல்லூரிகளின் இணையதளத்திலேயே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பு, பெற்றோரின் வருமானவரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டுப் பாருங்கள்.