ரீடிங்க மாத்திடலாமான்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு சாட்டிலைட் கதை

போன வாரம் மறுபடியும் அதே கதை. லேப்ல டென்சைல் டெஸ்ட் (உலோகத்த இழுத்து எவ்வளவு தாங்குதுன்னு பாக்குறது) பண்ற பையன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, ஒரு சாம்பிள் மட்டும் லிமிட்டுக்குக் கீழ வருது, அந்த லாட் சரக்கு மொத்தமும் இன்னைக்கே டிஸ்பாட்ச் ஆகணுமாம், பக்கத்து சாம்பிளோட வேல்யூவயே இதுக்கும் போட்டுடச் சொல்றாங்க"ன்னான். இந்தத் தொழிலுக்கு வந்ததுலேருந்து இதே பேச்ச எத்தன வாட்டி கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. அவன உக்கார வச்சு சொன்னத இங்கயும் எழுதிடுறேன்.

2009 பிப்ரவரி 24, கலிஃபோர்னியா வாண்டன்பெர்க். காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு எங்கேருந்து வருது, காடும் கடலும் எங்க எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்க நாசா ஓசிஓ சாட்டிலைட்ட டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்ல அனுப்புச்சு. சாட்டிலைட்ட தலைல மூடியிருக்குற கூடு, அதாவது ஃபேரிங், கழண்டு விழவே இல்ல. அந்த எக்ஸ்ட்ரா வெயிட்டோட ஆர்பிட்டுக்கு வேண்டிய ஸ்பீடு வராம, அண்டார்டிகா பக்கத்துக் கடல்ல போய் விழுந்துருச்சு. விசாரணைல இதுதான் காரணம்னு ஒண்ண உறுதியா சொல்ல முடியல, சந்தேகப்பட்டதுல ஒண்ணான, ஃபேரிங்க தள்ளிவிடுற வாயு சிஸ்டத்த மாத்திட்டு 2011 மார்ச் 4ம் தேதி குளோரிங்குற இன்னொரு நாசா சாட்டிலைட்ட அதே ரக ராக்கெட்ல அனுப்புனாங்க. மறுபடியும் ஃபேரிங் கழலல, இதுவும் கடலுக்குத்தான் போச்சு. ரெண்டும் சேர்த்து 70 கோடி டாலர்.

உண்மையான காரணம் வெளிய தெரிஞ்சது 2019ல. ஃபேரிங்க பிடிச்சிருந்து, கழலும்போது உடைய வேண்டிய ஜாயின்ட்டோட அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியா தள்ளி எடுத்த பீஸ்) முழுசா உடையலன்னும், அத சப்ளை பண்ண கம்பெனி டெஸ்ட் சர்டிஃபிகேட்ட மாத்தி எழுதியிருக்குன்னும் நாசா சொன்னது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லங்க, 19 வருஷமா, நூத்துக்கணக்கான கஸ்டமருக்கு. ஃபெயில் ஆன நம்பர பாஸ்னு மாத்துறது, மெஷின் ஸ்பீட ஏத்தி இழுக்குறது, சாம்பிள ஸ்டாண்டர்டுக்கு ஒத்து வராத மாதிரி வெட்டுறது எல்லாம் நடந்திருக்கு. (இழுக்குற ஸ்பீட கூட்டினா ரீடிங்கே மாறும், யூடிஎம், அதாவது இந்த இழுக்குற மெஷின், ஓட்டுற எல்லாருக்கும் இது தெரியும், தெரியாதுன்னு யாரும் சொல்லாதீங்க.) ப்ரொடக்ஷன் போனஸும் ஒரு காரணமாம். லேப் சூப்பர்வைசருக்கு 3 வருஷம் ஜெயில், கம்பெனி தரப்புல 4.6 கோடி டாலர் செட்டில்மென்ட்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது "சேஃப்டி மார்ஜின் இருக்கே, கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா என்ன"ங்குற பேச்சுதான். மார்ஜின் டிசைன் பண்றவங்களுக்குங்க, அவங்க லோட எவ்வளவு சரியா கணிச்சாங்கன்னு தெரியாததுக்காக வச்சுக்கிட்டது, நம்ம லேப் எடுத்து செலவு பண்றதுக்கு இல்ல. அதுவும் அந்த ஜாயின்ட்டுக்கு இந்தப் பேச்சு சுத்தமா பொருந்தாது, ஏன்னா அதோட வேலை தாங்குறது மட்டும் இல்ல, உடையறது. உள்ள ஓடுற வெடிக் கயிறு வெடிச்சதும் சொன்ன கோட்டுல, சொன்ன நொடில, நீளம் முழுக்க உடையணும், ஓரத்துல ஒரு துண்டு பிடிச்சுக்கிட்டாலும் போதும் எல்லாம் போச்சு. அங்க ஸ்ட்ரென்த் கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு, ஒரே பீஸ்ல இடத்துக்கு இடம் மாறினாலும் தப்பு. நம்ம கைக்கு வர்ற பார் எங்க போய் என்ன வேலை செய்யப் போகுதுன்னு நமக்குத் தெரியாது, ஸ்பெக்குல (என்ன தரம் வேணும்னு எழுதி வச்சதுல) மேல ஒரு நம்பர் கீழ ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கறதே அதுக்குத்தான். ஸ்ட்ராங்கா இருந்தா நல்லதுதானேன்னு இனிமே என்கிட்ட யாரும் சொல்லாதீங்க.

இன்னொரு சாட்டிலைட் செஞ்சுட்டா போச்சேன்னும் கேப்பாங்க. ஓசிஓக்குப் பதிலா செஞ்ச ஓசிஓ-2 மேல போனது 2014 ஜூலை 2, அஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு. அந்த அஞ்சு வருஷத்துக் காத்த இனிமே போய் யாரும் அளக்க முடியாது. குளோரில காத்துல மிதக்குற ஏரோசால் துகள்கள அளக்க போலாரிமீட்டர்னு ஒரு ஒளிக் கருவி இருந்துச்சு, நாசா அந்த மாதிரி கருவி ரெண்டோட பேஸ் (PACE) சாட்டிலைட்ட அனுப்பினப்போ 2024 பிப்ரவரி ஆயிடுச்சு. சூரியன்லேருந்து வர்ற மொத்த சக்திய 1978லேருந்து விடாம அளந்துட்டு வர்றாங்க, குளோரில போன இன்னொரு கருவி அந்தத் தொடர்ச்சிக்காகத்தான். பழைய கருவியும் புதுசும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடினாத்தான் ரெண்டையும் ஒப்பிட்டு ஒட்ட முடியும், நாம மாஸ்டர் கேஜ் (சரியான அளவுன்னு வச்சிருக்குறது) வச்சு ஒப்பிடற மாதிரியே. குளோரி இல்லாம, சூரிய சக்திய அளந்துட்டிருந்த, 2003ல போன சோர்ஸ் (SORCE) சாட்டிலைட்ட சாகக் கிடந்த பேட்டரியோட இழுத்துப் பிடிச்சு ஓட்டினாங்க, அதுவும் 2013 ஜூலைல நின்னுபோச்சு. நவம்பர்ல மாற்றுக் கருவி ஒண்ணு மேல போனதும் நின்னுபோன சோர்ஸ மறுபடி உசுப்பிவிட்டு ரெண்டையும் ஒப்பிட்டாங்க. மயிரிழைல தப்பிச்ச ரெக்கார்டு அது.

வாங்குறவங்களே, சர்டிஃபிகேட்ட ஃபைல்ல போட்டுட்டு தூங்காதீங்க. அப்பப்போ சொல்லாம கொள்ளாம ஒரு லாட்லேருந்து பீஸ் வெட்டி வேற லேபுக்கு அனுப்புங்க. பேப்பர்ல இருக்குற வேல்யூ மட்டும் பத்தாது, மெஷின்லேருந்து வர்ற கர்வ் (இழுத்தப்போ வரைஞ்ச கோடு), டேட், ஆபரேட்டர் பேரோட கேளுங்க. பத்து லாட்டுக்கும் ரீடிங் ஒரே மாதிரி அழகா வந்தா சந்தோஷப்படாதீங்க, மெட்டீரியல் அப்படி நடந்துக்காது. மேனேஜர்ங்க, லேப் ஆளுக்கு டிஸ்பாட்ச் டார்கெட்ல போனஸ் கட்டாதீங்க, தயவுசெஞ்சு.

தம்பிங்களா, ஃபெயில் ஆச்சுன்னா ஃபெயில்னு எழுதுங்க. ரீடெஸ்ட்டுக்கு ஸ்டாண்டர்டுலயே வழி இருக்கு, அதுபடி செய்யுங்க, முதல் ரீடிங்கையும் அழிக்காம ரெக்கார்டுல வைங்க. வாயால சொல்றத மெயில்ல போடச் சொல்லுங்க, பாதிப் பேர் அதோட விட்டுடுவாங்க. பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் எடுப்பேன்.

அந்த லாட் இன்னும் ஹோல்டுல சிவப்பு டேக்கோட நிக்குது. நாளைக்குக் காலைல ரீடெஸ்ட்டுக்கு சாம்பிள் வெட்டறோம், மெஷின் பக்கத்துல நானே நிக்கப் போறேன்.