சொன்னபடி திரும்பி வந்தவர்

குழந்தையின் முன்னால் தேய்ந்துபோன கிரேயான்களை வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறு, புதுசா நிறைய கொண்டு வர்றேன்" என்று சொல்லிப் போகிறார் ஆய்வாளர். திரும்பி வரும்போது பாதிக் குழந்தைகளுக்குப் புதுக் கிரேயான். மீதிப் பேருக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லையே." அடுத்து ஸ்டிக்கரை வைத்து இதே நாடகம், ஏமாந்தவர்களே மறுபடி ஏமாறுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். நான் வரும்வரை தின்னாமலிருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்கிறார். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவின் 14 பேரில் 9 பேர், இரண்டாவது குழுவின் 14 பேரில் ஒரே ஒருவர். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு இது.

1960களின் இறுதியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய இந்த மிட்டாய்ச் சோதனையை மன உறுதிக்கான அளவுகோலாகவே பலரும் பார்த்துவந்தார்கள். எனக்கென்னவோ, ஏமாந்த குழந்தை கணக்குப் போட்டுத்தான் தின்றது என்று படுகிறது. வராத மிட்டாய்க்கு யார் காத்திருப்பார்கள்?

இந்தக் கணக்கு வீட்டில் தினமும் நடக்கிறது. பிள்ளையைக் கவனிப்பது, தவறைத் தவறென்று கண்டுகொள்வது, திருத்துவது: இந்த மூன்றும் சிறுவயதில் நடக்காவிட்டால் சுயகட்டுப்பாடு வளராது என்று 1990இல் வாதிட்டார்கள் குற்றவியலாளர்கள் காட்ஃபிரட்சனும் ஹிர்ஷியும். அவர்கள் பார்வையில் பெரும்பாலான குற்றங்கள் உடனே கைக்கு வரும் சின்ன லாபத்துக்காக, பின்னால் வரும் பெரிய நஷ்டத்தை மறந்து செய்பவை. திருத்துவதென்றால் அடிப்பது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நேற்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்ட குறும்புக்கு இன்று அடி விழுந்தால், பிள்ளை விதியைக் கற்காது. அப்பாவின் முகத்தை நோட்டம் பார்க்கத்தான் கற்கும்.

நியூசிலாந்தின் டனிடினில் 1972-73இல் பிறந்த சுமார் 1,000 பேரின் சுயகட்டுப்பாட்டை 3 முதல் 11 வயதுவரை அளந்தார்கள். 32 வயதுக்குள், மிகக் குறைவாக இருந்த ஐந்திலொரு பங்கினரில் 43 சதவீதம் பேர் குற்றத் தண்டனை பெற்றிருந்தனர். மிக அதிகமாக இருந்தவர்களில் 13 சதவீதம். குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நீடித்தது. ஆனால் முதல் குழுவிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தண்டனை பெறவில்லை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

பழி முழுவதையும் பெற்றோர் தலையில் கட்டவும் முடியாது. இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்புப்படி, சுயகட்டுப்பாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 60 சதவீதம் மரபணு சார்ந்தது. இயல்பிலேயே துருதுருவென்றிருக்கும் பிள்ளை பெற்றோரின் பொறுமையையும் தின்றுவிடும். ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. டனிடினிலும் வளரும்போது சுயகட்டுப்பாடு கூடியவர்கள் இருந்தார்கள். சிறுவயது அளவு காட்டியதைவிட நல்ல நிலையில்தான் 32ஐத் தொட்டார்கள்.