வெள்ள ஆற்றில் மீன் எங்கே நிற்கும், தோணி எங்கே போகும்

திருகோணமலையில் வெயில் காயும். அதே நேரம் மூதூரில் மகாவலி கங்கை ஏறிக்கொண்டிருக்கும். மாரி காலத்தில் இது புதினம் இல்லை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழை அதற்குள் வடிகிறது. மலைநாட்டில் பெய்தது, வழியிலுள்ள நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறந்துவிட்டது எல்லாம் சேர்ந்து, பிந்தித்தான் ஆறு கடலில் விழும் கொட்டியாரக்குடாவுக்கு வந்து சேரும். ஆகவே வானத்தை மட்டும் பார்த்துத் தோணி இறக்குகிறவருக்குப் பாதிச் செய்திதான் கையில் இருக்கிறது. மற்றப் பாதி ஆற்றின் மேற்பக்கம் மனம்பிட்டியில், நீர்ப்பாசனத் திணைக்களம் எடுக்கும் ஆற்று நீர்மட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏறினால் மூதூரிலும் வெருகலிலும் ஏறப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த அளவுகோல் ஒன்றும் வேண்டும். கரையோரம் ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் தொடும் இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துக் கீறு மூழ்கியிருந்தால் ஆறு ஏறுகிறது. ஏறுகிற ஆறு கரையிலிருந்த மரம், மூங்கில், வேலிக்கம்பி, செத்த மாடு என்று எல்லாவற்றையும் புதிதாகக் கிளப்பிக்கொண்டு வரும். இறங்குகிற ஆற்றில் அந்தச் சுமை குறைவு. நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றில் போகலாம், மற்றதில் போகக்கூடாது.

அடுத்தது வேகம். இதைக் கண்ணால் மதிக்கிறவர்கள் அநேகமாகக் குறைத்தே மதிக்கிறார்கள். கரையோரமாக 10 மீற்றர் அளந்து, மேல்முனையில் ஒரு தேங்காய் மட்டையை எறிந்து, கீழ்முனைக்கு வர எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். 10 செக்கன் என்றால் செக்கனுக்கு 1 மீற்றர். 5 செக்கன் என்றால் 2 மீற்றர். இலையை எறியாதீர்கள், அதைக் காற்றுத்தான் ஓட்டும். மட்டை பாதி அமிழ்ந்து மிதப்பதால் தண்ணீரின் வேகத்தையே காட்டும். தோணியில் இருந்தபடி அளக்க இன்னொரு வழி உண்டு. தோணியைக் கட்டி நிறுத்திவிட்டு, சவளின் (துடுப்பின்) அகலப்பக்கம் நீரோட்டத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். ஓடிவரும் தண்ணீர் பலகையில் மோதி மேலே ஏறும். 5 சென்ரிமீற்றர் ஏறினால் செக்கனுக்கு 1 மீற்றர் வேகம். 10 ஏறினால் ஏறத்தாழ 1.4 மீற்றர். 20 ஏறினால் 2 மீற்றர். வேகம் இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்காவதைக் கவனியுங்கள். தண்ணீரின் தள்ளுவிசையும் அப்படித்தான், வேகத்தின் வர்க்கத்தில் கூடும்.

இதைத் தோணிக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலரை மீற்றர் நீளமான தோணி, 25 சென்ரிமீற்றர் அமிழ்ந்து, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மரத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 1 மீற்றர் ஓட்டத்தில் அதன் பக்கத்தைத் தண்ணீர் தள்ளும் விசை கிட்டத்தட்ட 55 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேர் சேர்ந்து நகர்த்திவிடலாம். 2 மீற்றர் ஓட்டத்தில் அதுவே 230 கிலோ. 3 மீற்றரில் அரை தொன்னைத் தாண்டும். ஊரே கூடினாலும் கையால் எடுக்கமுடியாது. தொடையளவு தண்ணீரில் நிற்கிறவருக்கும் இதே கணக்குத்தான். 2 மீற்றர் வேகத்தில் கால்களில் மட்டும் 40 கிலோ அளவு தள்ளும். பாசி பிடித்த கல்லில் அந்தத் தள்ளலுக்கு யாரும் நின்றுபிடிக்கமாட்டார்.

ஆனால் ஆறு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில், மேற்பரப்பை ஒட்டிய இடத்தில்தான் அதிவேகம். அடியிலும் கரையிலும் மண், கல், புல்லோடு உரசி வேகம் குறையும். வளைவில் வெளிப்பக்கம் வேகமும் ஆழமும். உட்பக்கம் மெதுவும் மணலும். கரையோர மருதமரத்தின் வேர்க்கட்டுக்கோ பாலத் தூணுக்கோ பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கியே ஓடும். இந்த மெதுநீருக்கும் வேகநீருக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கும், மறுபக்கம் நெளிந்து சுருளும், நுரையும் சருகும் அந்தக் கோட்டிலேயே வரிசையாகப் போகும். வெள்ள ஆற்றில் மீன்பிடியும் தோணி ஓட்டமும் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடக்கின்றன.

மீனும் நம்மைப் போலத்தான், வீணாக நீந்திச் சக்தியைச் செலவழிக்காது. கோட்டுக்கு உட்பக்கம், மெதுநீரில், தரையை ஒட்டி நின்றுகொண்டு வேகநீர் கொண்டுவரும் புழுவையும் பூச்சியையும் எட்டி எடுக்கும். ஆகவே வெள்ளத்தில் நடு ஆற்றில் தூண்டில் போடுவது வீண். கரையிலிருந்து மூன்று நாலு மீற்றருக்குள், அடியில் ஈயம் கிடக்கும்படி போடவேண்டும். தண்ணீர் கலங்கிச் சாயத்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்கள் பட்டினி. மினுங்கும் போலி இரை வேலைசெய்யாது. மீசையால் தடவியும் மணந்தும் தேடும் கெளுத்திக்கும், இருட்டிலேயே இரை தேடிப் பழகிய விலாங்குக்கும் இது நல்ல காலம். நாக்கிளிப்புழுவை (மண்புழுவை) பாதி அறுத்துக் கோர்த்தால் மணம் கூடப் பரவும்.

வயலுக்குள் ஏறிய வெள்ளத்தில் நடப்பது வேறு. முதல் நாள் இரண்டாம் நாள் மீனெல்லாம் வயலுக்குள் பாயும். புதுத் தீனி, புது இடம். பிறகு மூழ்கிய புல்லும் வைக்கோலும் அழுகத் தொடங்கும். 28 பாகை வெப்பத்தில் நல்ல தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். அழுகல் அதைத் தின்று 2 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். அப்போது கெண்டைகள் வாய்க்காலைத் தேடி வெளியேறும். திலாப்பியா மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும். விரால் மட்டும் கவலைப்படாமல் இருக்கும், அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன். கருந்தேநீர் நிறமும் முட்டை அழுகிய மணமுமாகக் கிடக்கும் வயலில் கரப்பு (மீனை மூடிப் பிடிக்கும் கூடை) குத்தினால் அகப்படுவது விரால்தான் என்பதற்குக் காரணம் இதுதான்.

வலைக்கு வருவோம். உள்நாட்டு நீர்நிலைகளில் இழுத்துப் பிடித்த வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பதும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை தடை என்பதும் வெள்ளக் காலத்துக்கும் சேர்த்துத்தான். வெள்ளத்தில் வலையைக் கெடுப்பது மீனல்ல, குப்பை. 50 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் உயரமான சுத்தமான வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே போட்டால், செக்கனுக்கு அரை மீற்றர் மெல்லோட்டத்திலேயே ஏறத்தாழ 45 கிலோ இழுவை வரும். கண்களில் கால்பங்கை ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் களைகளும் சருகும் அடைத்தால் அதே ஓட்டத்தில் இழுவை ஐந்து மடங்கு. மிதவைகள் அமிழும், வலை படுத்துக்கொள்ளும், நங்கூரக்கல் நகரும். அந்தக் கட்டத்தில் வலையின் ஒரு நுனியைத் தோணியில் கட்டிவைத்திருந்தால் அடுத்து அமிழப்போவது தோணி. வெள்ளத்தில் வலையை ஓட்டத்துக்கு இணையாக, மெதுநீருக்குள், வயல்வாய்க்கால் வந்து விழும் வாயை ஒட்டிப் போடுவதே சரி. துண்டும் சிறிதாக இருக்கட்டும், 15 அல்லது 20 மீற்றர் போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கவேண்டும். இரவு போட்டு விடிய எடுக்கும் பழக்கம் அந்த வாரத்துக்கு ஆகாது.

நங்கூரம் போடுவதென்றால் அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில், மட்டும். ஓட்டம் உள்ள இடத்தில் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ நங்கூரம் போட்ட தோணியைத் தண்ணீர் ஏறி அமிழ்த்திவிடும். பின்பக்கம் தாழ்வு, எஞ்சின் எடையும் அங்கேதான். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும். குறைந்தால் நங்கூரம் மண்ணைக் கடிக்காமல் மேல்நோக்கி இழுபடும். கயிற்றை முடிச்சுப் போடாமல் சுற்றிவையுங்கள். கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் கட்டப்பட்டு இருக்கட்டும், சட்டைப் பையில் அல்ல.

இனி ஆற்றைக் கடப்பது. இரண்டு பேர் விடாமல் சவள் போட்டால் சுமையுள்ள தோணி செக்கனுக்கு 1.2 மீற்றர் போகும். 100 மீற்றர் அகலமான ஆறு 1 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அணியத்தை நேரே எதிர்க்கரைக்குப் பிடித்தால் 83 செக்கனில் கடந்துவிடலாம், ஆனால் 83 மீற்றர் கீழே போய்ச் சேர்வீர்கள். அங்கே இருப்பது மணல்திட்டா பற்றையா என்பதுதான் கேள்வி. நேர் எதிரே இறங்கவேண்டுமென்றால் அணியத்தை ஏறத்தாழ 55 பாகை மேலோட்டப் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். அப்போது கடக்க 150 செக்கன், கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆறு 1.2 மீற்றரைத் தொட்டதும் எந்தக் கோணமும் உதவாது, கீழே அடித்துப் போவதை ஏற்றுக்கொண்டுதான் கணக்குப் போடவேண்டும். அனுபவப்பட்டவர்கள் செய்வது சுலபமானது. கரையோர மெதுநீரிலேயே நூற்றைம்பது மீற்றர் மேலே ஏறி, அங்கிருந்து தள்ளி, அடித்துவரும் தூரத்தையும் சேர்த்து இறங்குதுறையைப் பிடிப்பார்கள்.

தோணி கவிழ்வது பெரும்பாலும் மெதுநீருக்கும் வேகநீருக்கும் நடுவிலுள்ள அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில். பின்பாதி மெதுநீரில் நிற்க, அணியம் வேகநீருக்குள் நுழைந்ததும் சட்டென்று கீழோட்டப் பக்கம் திரும்பும். மேலோட்டப் பக்க விளிம்பைத் தண்ணீர் அமுக்கும். மனிதர் உடல் பயத்தில் மேலோட்டப் பக்கம் சாயும்; அதோடு விளிம்பு தாழ்ந்து தண்ணீர் ஏறிவிடும். சாயவேண்டியது கீழோட்டப் பக்கம். “தம்பி, தண்ணி போற பக்கம் சாய்!” என்று பின்னாலிருப்பவர் கோட்டைத் தொடுமுன்னரே சொல்லிவிடவேண்டும். மூழ்கிய பற்றையிலோ மரத்திலோ குறுக்கே மோதினாலும் விதி அதுவேதான்: மரத்தை நோக்கிச் சாய்ந்து அதைப் பிடியுங்கள். கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், மனிதர் போகமுடியாது; கீழே இழுபட்டால் சல்லடையில் சிக்கியதுபோல் ஆகிவிடும்.

ஆட்களை ஏற்றும் விடயத்தில் கணக்கு இன்னும் கடுமை. நீர்மட்டத்தில் 3 சதுர மீற்றர் பரப்புள்ள சிறு தோணி, 60 கிலோ ஆள் ஒருவருக்கு 2 சென்ரிமீற்றர் அமிழும். பத்துப் பேருக்கு 20 சென்ரிமீற்றர். உள்ளே 5 சென்ரிமீற்றர் மழைநீர் நின்றால் அதுவே 150 கிலோ, இரண்டரை ஆள். மோசமானது அந்தத் தண்ணீரின் எடையல்ல, அதன் அசைவு. தோணி ஒரு பக்கம் சாய்ந்ததும் உள்ளிருக்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினால் மனிதரும் அந்தத் தண்ணீரைப் போலத்தான். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் மூடி இறுகிய 5 லீற்றர் வெற்றுக் கலனை மார்போடு கட்டலாம். அது ஏறத்தாழ 5 கிலோவைத் தூக்கும். தலையை மேலே வைத்திருக்க அந்தளவு போதும். அங்கிக்கு அது ஈடல்ல, மயங்கியவரின் முகத்தை அது நிமிர்த்தாது.

எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை. பின்னால் பீய்ச்சும் குளிர்நீர் மெலிந்தால் உறிஞ்சுவாயில் ஆற்றுவாழையோ சேறோ அடைத்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் பொறுத்தால் உள்ளே குளிர்நீரை இறைக்கும் இறப்பர்த் துடுப்பு கருகும். மூழ்கிய வயல்மேல் ஓடும்போது அடியில் யானைவேலிக் கம்பி இருக்கும். சூரியக்கலத்தில் ஓடும் வேலியில் வெள்ளத்துக்குப் பிறகும் மின் இருக்கலாம். தலைக்கு மேல் போகும் மின்கம்பியும் வழக்கத்தைவிட ஒரு ஆள் உயரம் கிட்ட வந்திருக்கும். அலுமினியக் கம்பு ஊன்றுகிறவர் அண்ணாந்து பார்க்கட்டும்.

வான் பாயும் குளத்தின் கீழும் அணைக்கட்டின் கீழும் மீன் குவியும், ஆட்களும் குவிவார்கள். விழுந்த தண்ணீர் அடியால் போய் மேலால் திரும்பி வரும் உருளல் அங்கே இருக்கிறது. மேற்பரப்பு அணைக்கட்டை நோக்கி ஓடுகிறதென்றால் தோணியும் அதை நோக்கித்தான் இழுபடும். வெள்ளைநுரையில் பாதிக்குப் பாதி காற்று, மிதக்கும் விசையும் அந்தளவு குறைவு. நுரை முடிந்து தண்ணீர் தெளிவாகக் கீழ்நோக்கி ஓடத் தொடங்கும் இடத்துக்குக் கீழே நின்று வீச்சு வலை வீசினால் மீனும் அகப்படும், ஆளும் வீடு போவார்.

முகத்துவாரம் தனிப் பாடம். வெள்ளம் பெருகினால் ஆற்றின் அடியில் உள்ளே ஏறிவரும் உப்புநீர் கடலுக்குத் தள்ளப்படும். கொடுவாவும் மணலை மீனும் இறாலும் அதோடு குடாவுக்கு நகரும். ஆகவே தோணிகளும் வாய் தாண்டப் பார்க்கும். வாடைக்காற்று கிளப்பும் அலை உள்ளே வர, ஆறு வெளியே ஓடும். எதிரோட்டத்தில் அலை குறுகி, உயர்ந்து, செங்குத்தாகும். 5 செக்கனுக்கு ஒருமுறை வரும் அலை ஆழ்கடலில் செக்கனுக்கு 7.8 மீற்றர் வேகத்தில் போகும். எதிரோட்டம் அதில் கால்பங்கை, அதாவது ஏறத்தாழ 2 மீற்றரைத் தொட்டால், அந்த அலை முன்னே போகமுடியாமல் அங்கேயே உடையும். வெள்ளத்தில் முகத்துவாரத்துக்கு 2 மீற்றர் வேகம் பெரிதல்ல. திருகோணமலையில் கடலின் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு என்றாலும், வற்றும் நேரத்தில் அந்த ஓட்டமும் ஆற்றோடு சேரும். ஏற்றம் முடியும் வேளை, விடியற்காலை, காற்று எழும்புமுன், இந்த மூன்றும் சேரும் நாளுக்குக் காத்திருக்க முடியாவிட்டால் வெளியே போகவேண்டாம்.

வெள்ளம் இறங்கும்போதுதான் மீன்பிடி உச்சம். வயலிலிருந்து வடியும் ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் மீன் இறங்கும், அத்தாங்கு (கைப்பிடி வலை) போதும். ஆனால் பழைய நீர்வழி மாறியிருக்கும், சென்ற மாதம் ஆழமாயிருந்த இடம் மணலாகியிருக்கும். ஆகவே முதல் ஓட்டம் எஞ்சினைத் தூக்கி, கம்பால் ஆழம் பார்த்தபடி. கரையில் கட்டிய தோணியின் கயிற்றையும் மாற்றிக் கட்டுங்கள். ஏறும் தண்ணீரில் குறுங்கயிறு அணியத்தை அமுக்கி முழுக்கும்; இறங்கும் தண்ணீரில் அதே கயிறு தோணியை மேட்டில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் சரித்து, அடுத்த மழையில் நிரப்பிவிடும். மரத்தைச் சுற்றித் தளர்வான வளையமாகக் கட்டினால் அது தண்ணீரோடு தானே ஏறி இறங்கும். கிளைக்கவர் இல்லாத, நேரான அடிமரமாகப் பார்த்துக் கட்டவேண்டும்.