மீன் குடலும் நெல் வேரும்

குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் மீனை வெட்டிக் கழுவியபின் மிஞ்சுகிற தலை, குடல், செதில், முள் எல்லாம் சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கிவிடும். தென்னை மூட்டில் மீன் கழிவைப் புதைப்பது நம் குமரிக் கடற்கரையில் பழைய பழக்கம். இப்போது அதே கழிவு வெல்லத்தோடு சேர்ந்து 'மீன் அமிலம்' என்ற பெயரில் நாஞ்சில் நாட்டு நெல் வயலுக்கும் வருகிறது.

வாளிக்குள் நடப்பது சுவையான வேதியியல். மீன் குடலில் ஏற்கெனவே செரிமான நொதிகள் இருக்கின்றன. மீன் செத்தாலும் அவை வேலையை நிறுத்துவதில்லை. சதையின் புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டிக்கொண்டே போகும். சும்மா விட்டால் அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் புகுந்து அந்த அமினோ அமிலங்களை அம்மோனியாவாகவும் நாற்றமெடுக்கும் அமீன்களாகவும் மாற்றிவிடும். நைட்ரஜன் காற்றோடு போய்விடும். வெல்லம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கழிவில் உள்ள நீரை இழுத்து அழுகலைத் தடுக்கிறது. மற்றது, லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அவை அமிலத்தைச் சுரக்க, கலவையின் பிஎச் மதிப்பு 4-ஐ ஒட்டி இறங்கும். அந்தப் புளிப்பில் அழுகவைக்கிற கூட்டம் தாக்குப்பிடிக்காது. சரியாக வந்த மீன் அமிலத்தில் பழவாசனை அடிப்பது இதனால்தான். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வெல்லம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். (கருப்பட்டியைப் போட வேண்டாம், அதைக் காப்பிக்கு வைத்துக்கொண்டு விலை குறைந்த கரும்பு வெல்லத்தைப் போட்டால் போதும்.)

அப்புறம் கணக்குக்கு வருவோம். மீன் கழிவில் புரதம் ஏறத்தாழ 15 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிலோ கழிவில் 24 கிராம் நைட்ரஜன் இருக்கும். சம எடை வெல்லம் சேர்ந்ததும் அது பாதியாகிறது. ஏக்கருக்கு அரை லிட்டர் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் பயிருக்குப் போவது பத்து கிராமுக்கும் குறைவு. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதோ 20 கிலோவுக்கு மேல். யூரியாவுக்குப் பதில் மீன் அமிலம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கழிவை நெல்லுக்கு நேராக ஊட்டுவதைவிட, நெல்லுக்கு உழைக்கிற நுண்ணுயிருக்கு ஊட்டுவதில்தான் ஆதாயம் அதிகம். பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டிக்கு நைட்ரஜனும் சர்க்கரையும் வேண்டும். முதலாவதை மீன் புரதச் சாறும், இரண்டாவதைச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் மலிவாகத் தரும். நல்ல தீனி கிடைத்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாக்டீரியா இரட்டிக்கும். இப்படி வளர்த்த பாக்டீரியாவைத்தான் உயிர் உரம் என்கிறோம். திரவ உயிர் உரம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவுகோல்.

நெல்லுக்கு ஏற்றது அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. பயறு வகைகளின் வேரில் ரைசோபியம் பாக்டீரியா கட்டுவதுபோல் இது முடிச்சு கட்டாது; வேரைச் சுற்றியும் வேரின் உள்ளிடுக்குகளிலும் குடியிருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறை நைட்ரஜனேஸ் நொதியால் பிளந்து அம்மோனியாவாக்கும். இந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் ஆக்சிஜன் குறைந்த இடமே அசோஸ்பைரில்லத்துக்கு வசதி; தண்ணீர் கட்டிய வயலில் அது தானாக அமைகிறது. வேலைக்கான செலவும் பெரிது: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு). அந்த ஆற்றலை வேரிலிருந்து கசியும் கரிமப் பொருள்கள் ஈடுகட்டுகின்றன. இதில் எக்டேருக்கு 20 முதல் 40 கிலோ நைட்ரஜன் வரை கிடைக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. ஏக்கருக்குப் பார்த்தால் ஒரு யூரியா மூட்டைக்கும் குறைவுதான். ஆனாலும் மீன் அமிலத்தின் பத்து கிராம் எங்கே, இது எங்கே! யூரியாவை அள்ளிக் கொட்டினால் இந்தப் பாக்டீரியா நைட்ரஜனேஸை உண்டாக்குவதையே நிறுத்திவிடும். கையில் கிடைக்கும் அம்மோனியாவை விட்டு எதற்காக உழைக்கும்? உயிர் உரம் போடுகிறவர்கள் யூரியாவைக் குறைத்து, பிரித்துப் போடுவது நல்லது.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பொறை மண்ணில் பிரச்சினை வேறு. அமில மண், பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்போபாக்டீரியா என்ற இன்னொரு உயிர் உரப் பாக்டீரியா சுரக்கும் சிட்ரிக் போன்ற கரிம அமிலங்கள் இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்ள, பாஸ்பேட் விடுபடுகிறது.

எல்லாக் கழிவும் தீனியாகாது. முந்திரி ஆலையில் மிஞ்சும் ஓட்டில் உள்ள எண்ணெயின் அனகார்டிக் அமிலம் பாக்டீரியாக்களைக் கொல்லும். கருவாட்டுக் கழிவில் உப்பு அதிகம், வயலுக்கு வேண்டாம்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களில் எதுவானாலும் வழி ஒன்றுதான். வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் 200 கிராம் பொட்டலங்களை வாங்கி, அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் எக்டேருக்கு இரண்டு கிலோ வீதம் எடுத்து, 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். நாற்றின் வேரை உயிர் உரக் கரைசலில் கால்மணி முதல் அரைமணி நேரம் நனைத்தும் நடலாம். பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பூஞ்சாணக்கொல்லியோடும் ரசாயன உரத்தோடும் சேர்த்துக் கலக்காதீர்கள்.