ஃபிஸ்டுலா: கையில் எப்படி பௌத்திரம் வரும்?

"டயாலிசிஸுக்கு முன்னாடி இடது கையில ஃபிஸ்டுலா போட்டுடலாம்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பெரியப்பா என் காதோரம் கேட்டார்: "ஏம்ப்பா, அது வேற எடத்துலல்ல வரும்?" அவர் கேட்டதில் தப்பில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதி வைத்திருக்கிற ஊர் நம்முடையது. ஆசனவாய்ப் பக்கம் வரும் அந்தப் பௌத்திரத்துக்கும் இங்கிலீஷில் ஃபிஸ்டுலாதான்.

சொல் லத்தீன். அங்கே அதற்குக் குழாய், நாணல், ஊதுகுழல் என்றெல்லாம் பொருள். ரோமாபுரியில் தண்ணீர் ஓடிய ஈயக் குழாய்களுக்கும் இதே பெயர். உடம்புக்குள் குழாய் மாதிரி ஓடும் புண்ணுக்கும் அதையே சூட்டினார்கள். இன்று, சேரக் கூடாத இரண்டு இடங்களைச் சேர்க்கும் வழி எதுவானாலும் மருத்துவத்தில் ஃபிஸ்டுலா.

டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தத் தவறான சேர்க்கையை வேண்டுமென்றே செய்கிறார்கள். இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரண சிரை அவ்வளவு தராது. தமனியோ ஆழத்தில் இருக்கிறது, அடிக்கடி குத்தவும் கூடாது. இரண்டையும் இணைத்துவிட்டால் தமனியின் அழுத்தம் ஏறி, சில வாரங்களில் சிரை பருத்து, சுவரும் தடித்து, ஊசி தாங்கும். நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் மணிக்கட்டில் இப்படிச் செய்து 1966இல் கட்டுரை வெளியிட்டார்கள். இணைத்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே 'சொர்ர்'ரென்று ஓடுவது தெரியும். பெரியப்பா தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்போது கத்தியில்லாமலும் செய்கிறார்கள். இதற்கான இரண்டு கருவிகளுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது. ஒன்றில் ஸ்கேன் பார்த்தபடி சிரை வழியாக ஊசியைப் பக்கத்துத் தமனிக்குள் செலுத்தி, இரண்டின் சுவரையும் சேர்த்துப் பிடித்துச் சூட்டால் ஒட்டுகிறார்கள். மற்றதில் தமனியில் ஒரு மெல்லிய குழாய், சிரையில் ஒன்று, இரண்டிலும் காந்தம். அவை ஒன்றையொன்று இழுத்து நெருங்கியதும் ரேடியோ அலை துளை போட்டுவிடும். தையல் கிடையாது. இதுதான் 'எண்டோவாஸ்குலர் ஃபிஸ்டுலா'. எண்டோ கிரேக்கம், 'உள்ளே'. வாஸ்குலர் லத்தீன், 'ரத்தக்குழாய் சார்ந்த'.

சரி, தமிழில் என்ன சொல்வது? புரை, புரைவழி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, புரையோடிய புண்தான் நினைவுக்கு வரும், பெரியப்பாவின் பயம் அப்படியே இருக்கும். துளை என்று பொருள்படும் 'புழை' லத்தீனுக்கு வெகு நெருக்கம். ஆனால் 'புழைக்கை' என்றால் பழந்தமிழில் யானையின் துதிக்கை! அதனால் செயலையே சொல்லும் 'தமனி–சிரை இணைப்பு' போதும். தமனியும் சிரையும் வடமொழி வழி வந்தவைதான். பள்ளிப் பாடத்தில் படித்துப் பழகிவிட்டோம். கத்தியில்லாததற்கு 'ரத்தக்குழாய்வழி இணைப்பு' எனலாம். இங்கே ரத்தக்குழாயை நாளம் என்றும் சொல்வதால் 'நாளவழி' சுருக்கமாக இருக்கும், ஆனால் இலங்கையில் தமனிக்கு நாடி என்று பெயர், சிரைதான் நாளம், குழப்பம் வரும். அங்கே 'நாடி–நாள இணைப்பு' என்றால் புரியும்.

பெரியப்பாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பிரஷர் பார்க்க யாராவது பட்டையை எடுத்தால் போதும், "அது ஃபிஸ்டுலா கைம்மா" என்று வலது கையை நீட்டிவிடுவார்.